கனி மேஸ்திரி கேட்ட ‘ஆகாது’

பீடி இலையை அளவுத் தகரத்தில் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டு வெட்டினால் நாலு வரி எழுதுகிறேன். அதனால் கதை விட்டுவிட்டுத்தான் வரும்.

இதில் குரு என்று வருகிறவர் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் ஊற்றுவதற்குக் கீழே தகடு விரித்து முட்டுக் கொடுக்கிற வேலை. பெயர் சண்முகக்கனி. பெண்தான். வயது முப்பத்தொன்று.

சீடர், என்ஜினியர் ஆறுமுகநயினார் சார். வயது ஐம்பத்து நாலு.

*

நயினார் சார் கேட்டார்.

"ஏம்மா கனி, ஒனக்கு மட்டும் சொன்ன தேதிக்கு வேலை எப்படி முடியுது?"

கனி மேஸ்திரி தகட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் சார், ஒங்களுக்கு முடியலியா?"

"முடியல. ஆள் இருக்கு, சாமான் இருக்கு, சார்ட்டு இருக்கு. நாள்தான் பத்தல."

"எத்தனை நாள் இருக்கு?"

"நூறு."

"எனக்கும் அதே நூறுதான் சார்."

"வெளையாடாத. வழி சொல்லு."

கனி மேஸ்திரி எண்ணெய்த் துணியை டப்பாவில் போட்டார்.

"ஒங்க ஆளுங்ககிட்ட இருந்து எனக்கு ஒரு ‘ஆகாது’ வாங்கிட்டு வாங்க. பிறகு பேசுவோம்."

"என்னது?"

"ஒரே ஒரு ‘ஆகாது’. போதும்."

*

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பிரசவ வார்டு. கீழே பிரசவ அறை, ஆபரேஷன் அறை. மேலே பன்னிரண்டு கட்டில்.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில் இருந்தது. நாங்கள் மலைப்பக்கம், ஏழு கிராமம். நடுவில் ஒரு தரைப்பாலம். ஐப்பசி மழையில் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். வார்டு தொடங்குவதற்கு முந்தின மழையில் இரண்டு பேரை வலியோடு டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒருத்திதான் திரும்பி வந்தாள்.

அதனால்தான் எங்கள் பக்கம் ஒரு வார்டு. மழைக்கு முன்னால் திறந்தாக வேண்டும்.

எனக்கு அப்போது அஞ்சாவது மாசம். ஐப்பசிக் கடைசி என்று தேதி சொல்லியிருந்தார்கள்.

அவசர வேலை. படம் முழுவதும் வரைந்து முடிப்பதற்கு முன்னாலேயே அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். மேல்மாடிக்குப் படம் வரும்போது கீழே சுவர் எழும்பிவிட்டது. ஒருத்தர் முடித்துவிட்டு இன்னொருத்தர் வருவது என்பதெல்லாம் கிடையாது. கம்பி கட்டுகிறவர், குழாய் போடுகிறவர், கரண்டுக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு.

தகரக் கொட்டகைச் சுவரில் நீளமாக ஒரு சார்ட்டு. முடிந்த வேலைக்குப் பச்சை. தாமதமானால் சிவப்பு.

சார்ட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது.

கட்டடம் பாதியில் நின்றது.

*

தினமும் காலை எட்டு மணிக்கு நயினார் சார் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்பார்.

"ஆயிருமா?"

"ஆயிரும் சார்."

வேறு பதில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. சுவர் கட்ட வந்த ஒரு கொத்தனார், "இந்த வாரம் ஆகாது சார்" என்றார்.

"அப்ப வீட்ல போய்ப் படு" என்றார் நயினார் சார், எல்லார் முன்னாலும்.

மறுநாள் அந்தக் கொத்தனார் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். ஆயிரும் என்றார்கள்.

பிறகு கனி மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தார். முதல் நாளே கேள்வி வந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள கீழ்முட்டு ஆயிருமா?"

"ஆகாது சார். சனிக்கிழமை மத்தியானம்."

நயினார் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஊரில் வேறு சென்ட்ரிங் ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கீழ்முட்டு நின்றது. பன்னிரண்டரை மணி.

அந்தக் கட்டடத்தில் சொன்ன நேரத்துக்கு முடிந்த முதல் வேலை அதுதான். நயினார் சார் அவரைத் தேடிப் போய்க் கேட்டது அதற்குப் பிறகுதான்.

*

பிரசவ அறைக்கும் ஆபரேஷன் அறைக்கும் மேலே வரும் தளத்துக்கு வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்று முடிவாகியிருந்தது. ஆனி மாசத்துக் கடைசி வெள்ளி. திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் தளம் போடமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நயினார் சார் ‘ஆகாது’ வாங்கக் கிளம்பினார்.

முதலில் குழாய் போடுகிறவரிடம் போனார். அது எங்கள் வீட்டுக்காரர். மற்றவர்கள் துரை என்று கூப்பிடுவார்கள்.

"துரை, வெள்ளிக்கிழமைக்கு ஒன் வேலை ஆயிருமா?"

"ஆயிரும் சார்."

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிரு."

"எதுக்கு சார் ஆகாதுங்கணும்? ஆயிரும்."

"நான் கோவப்பட மாட்டேன்பா."

"நீங்க இப்படி மெதுவாப் பேசுனாத்தான் சார் பயமா இருக்கு."

அடுத்தது கம்பி கட்டுகிற பேச்சிமுத்து அண்ணாச்சி.

"என்ன பேச்சிமுத்து, கம்பி ஆயிட்டா?"

"ஆயிரும் சார்."

"நாலு நாளா இதத்தான சொல்லுத."

"நாலு நாளா ஆயிக்கிட்டேதான் சார் இருக்கு."

கரண்டுக்காரர் ஏணி மேல் நின்றார். கேள்வி கீழே இருந்து போவதற்கு முன்னாலேயே பதில் மேலே இருந்து வந்துவிட்டது.

சாயங்காலம் நயினார் சார் வெறுங்கையோடு வந்தார்.

"ஒருத்தனும் தரமாட்டேங்கான்."

"தருவாங்க சார்."

"அன்னைக்கு நீ ஒண்ணு சொன்னியே. அத வச்சுக்கிடேன்."

"அது என்னுது. செல்லாது."

*

புதன்கிழமை காலை எட்டு மணி.

"இன்னைக்கு ஆளுக்கு ஒரு ஆகாது சொல்லணும்" என்றார் நயினார் சார். "சொல்லாம யாரும் வேலைக்குப் போகக்கூடாது."



"என்னல, சாருக்கு என்ன செய்யுது?" என்று பேச்சிமுத்து அண்ணாச்சி காதோடு கேட்டார்.

"வெயில் அண்ணாச்சி" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பிறகு ஒவ்வொருத்தராக முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒப்பிப்பது போலச் சொன்னார்கள்.

"ஆகாது சார்."

"எது ஆகாது?"

"நீங்க எதச் சொல்லுதீங்களோ அது சார்."

பேச்சிமுத்து அண்ணாச்சி கடைசியாக வந்தார். "ஆகாது சார்" என்றார். போகிறவர் திரும்பி நின்று, "சார் மனசக் கொழப்பிக்கிடாதீங்க. வெள்ளிக்கிழமை ஆயிரும்" என்றார்.

நயினார் சார் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். பதினொரு ‘ஆகாது’. கனி மேஸ்திரியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

கனி மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். கையில் இருந்த எண்ணெயை அந்தத் தாளிலேயே துடைத்தார்.

"இது பதினொண்ணும் ஆயிரும்தான் சார்."

*

அன்று பதினோரு மணி டீக்கு நயினார் சார் சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றார். ஒளிந்து நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய மனுஷர், கண்ணாடி போட்டவர். சிமெண்ட் தூசி மூக்கில் ஏறியது. தும்மலை அடக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சிரித்தார்கள்.

"வெள்ளிக்கிழமையா? அது எங்கல ஆவும்?"

"சார்கிட்ட நீ சொல்லேன்."

"நானா? எனக்குப் புள்ள குட்டி இல்லியா?"

"எல்லாம் போட்ட பிறகு பாத்துக்கிடலாம்ல."

எது ஆகாது, எதைப் போட்ட பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்று காது கொடுத்தார். அதற்குள் தும்மல் வந்துவிட்டது.

எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"டீ குடிக்கீங்களா சார்?"

"என்னமோ ஆகாதுன்னு பேசுனீங்களே."

"இல்லியே சார். எல்லாம் ஆயிரும்."

கனி மேஸ்திரியிடம் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க ஏகப்பட்டது கெடக்கு கனி. கூடை கூடையாக் கெடக்கு. என்னயக் கண்டதும் மறைஞ்சிருது."

"ம்."

"நான் என்ன பேயா பிசாசா?"

கனி மேஸ்திரி முட்டுக்கட்டையை நிமிர்த்தி ஆப்பு அடித்தார். மூன்று அடி. நாலாவது அடிக்கு முன்னால் நிறுத்தி,

"ஒங்ககிட்ட ஒண்ணாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

"எங்கிட்டயா? நான் எதுக்கு ஆகாதுங்கப் போறேன்?"

நாலாவது அடியை அடித்தார்.

*

வியாழக்கிழமை மத்தியானம் கனி மேஸ்திரி பலகை கேட்கத் தகரக் கொட்டகைக்கு வந்தார். நயினார் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் படங்கள் சுருட்டிச் சுருட்டிக் கிடந்தன. தினமும் ஒன்று வரும். சிலது கட்டியிருந்த ரப்பரைக் கூடப் பிரிக்காமல் கிடந்தன.

போன் அடித்தது. பெரிய சார். தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர்.

நயினார் சார் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டார். போனில்தான் பேச்சு, இருந்தாலும் போட்டார்.

"சார்... ஆமா சார்... நாளைக்குத்தான் சார்... ஆயிரும் சார்."

கனி மேஸ்திரி வாசலில் நின்றார்.

"கம்பியா? ஆயிரும் சார்... மழைக்கு முன்னாலயா? ஆயிரும்... நீங்க வாரீங்களா? வாங்க சார், ரொம்ப சந்தோஷம்... ஆயிரும் சார்... ஆயிரும்."

போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"என்ன வேணும் கனி?"

கனி மேஸ்திரி உள்ளங்கையை நீட்டினார்.

"பலகையா?"

"நான் கேட்டது."

"அதான் யாரும் தரலன்னு..."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

நயினார் சார் அந்தக் கையைப் பார்த்தார். மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"அவரு பெரிய சார்மா" என்றார். "அவருகிட்டப் போயி எப்படி..."

வாய் திறந்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கனி மேஸ்திரி கையை மடக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

*

வெள்ளிக்கிழமை.

கான்கிரீட் போடுகிற கூட்டம் இரண்டு வேனில் வந்து இறங்கியது. நாற்பது பேர். கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாழை இலை, தேங்காய், பூ. கனி மேஸ்திரியின் தகடு மேலே பளபளவென்று விரிந்து கிடந்தது. அதன் மேல் கம்பி.

பெரிய சார் காரில் வந்தார். மாலை போட்டார்கள். சூடம் ஏற்றினார்கள்.

"ஆரம்பிச்சிரலாமா நயினார்?"

நயினார் சார் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பேச்சிமுத்து அண்ணாச்சி தலையை ஆட்டினார். கரண்டுக்காரர் எல்லாருக்கும் முன்னாலேயே ஆட்டிவிட்டிருந்தார்.

"ஆகாது சார்" என்றார் நயினார் சார்.

மிஷின் சத்தத்தில் பெரிய சாருக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

"இன்னைக்கு ஆகாது சார்."

மிஷின்காரர் மிஷினை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்க வேண்டும் போல இருந்திருக்கும்.

"ஏன் ஆகாது?"

"தெரியல சார்."

"தெரியலியா?"

"இவங்ககிட்ட கேட்டேன். எல்லாரும் ஆயிரும்னாங்க. நானும் ஒங்ககிட்ட ஆயிரும்னேன். உள்ள என்னமோ இருக்கு சார். என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாம ஊத்த மாட்டேன்."

"நாப்பது பேர் நிக்கான். சூடம் எரியுது. திங்கக்கிழமை ஆடி. நீ தெரியலங்க?"

"ஆமா சார்."

"ஒன்னய இங்க இருந்து தூக்கிருவேன் நயினார். நாலு வருசத்துல ரிட்டயர்டு ஆகப்போற ஆளு. எங்க தூக்கிப் போடுவேன்னு சொல்ல முடியாது."

"தூக்குங்க சார்."

 

சூடம் எரிந்தது.

"சார்."

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து வந்தது அந்தச் சத்தம். தன் வாய் என்றே முதலில் தெரியவில்லை என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"சார், எனக்குத் தெரியும்."

இடுப்பில் மடித்துச் சொருகியிருந்த படத்தை எடுத்தார். வேர்வையில் நனைந்து போயிருந்தது.

"மேல பாத்ரூம் தெக்க இருந்து வடக்க மாறிட்டு சார். திங்கக்கிழமையே புதுப் படம் வந்துட்டு. ஒங்க மேஜையிலயும் ஒண்ணு வச்சாங்க. நான் குழாய்க்கு ஓட்டை விட்டுருக்கது தெக்க."

"அப்ப வடக்க?"

"கான்கிரீட் போட்ட பிறகு ஒடச்சுக்கிடலாம்னு இருந்தேன்."

"தளத்தையா?" நயினார் சார் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "ஒடச்சா கம்பி அறுபடுமே துரை. கீழ ஆபரேஷன் ரூமுல்லா. சொட்டுச் சொட்டா ஒழுகுமே. மழை முடியுற வரைக்கும் அந்த ரூமைத் தொறக்க முடியாதே."

"ஆமா சார்."

"ஏம்பா சொல்லல?"

எங்கள் வீட்டுக்காரர் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"நீங்க ஆயிருமான்னுதான சார் கேட்டீங்க."

*

"சார், நானும் ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் பேச்சிமுத்து அண்ணாச்சி. "படிக்கட்டு ஓரத்துல ஆறு கம்பி குறையுது. கம்பி தீந்து போச்சு."

"எப்ப தீந்துச்சு?"

"அது ஆச்சு சார், அஞ்சு நாளு."

கரண்டுக்காரர் மெல்ல ஒரு கையைத் தூக்கினார்.

பெரிய சார் நனைந்த படத்தை வாங்கி விரித்தார். வெகு நேரம் பார்த்தார். கழுத்தில் மாலை கிடந்தது.

"எத்தனை நாள்?" என்று கேட்டார்.

நயினார் சார் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பினார்.

"துரை, எத்தனை நாள்?"

"ரெண்டு..." என்று ஆரம்பித்தார் எங்கள் வீட்டுக்காரர். "நாலு சார். ரெண்டுன்னு வாய்ல வந்துட்டு. நாலு."

பெரிய சார் மாலையைக் கழற்றிக் கார் கதவில் மாட்டினார். ஏறிப் போய்விட்டார்.

சூடம் தானாக அணைந்தது.

"இட்லியாவது வாங்கிக் குடுத்து அனுப்புங்கய்யா" என்று கான்கிரீட் கூட்டத்தில் ஒருத்தர் சத்தம் போட்டார். வாங்கிக் கொடுத்தார்கள்.

*

செவ்வாய்க்கிழமை கான்கிரீட் போட்டார்கள். ஆடி இரண்டாம் தேதி.

"ஆடியிலயா?" என்று ஊரில் கேட்டார்கள்.

"ஆமா, ஆடியிலதான்" என்றார் பேச்சிமுத்து அண்ணாச்சி. "ஆறு கம்பியோட சேத்து."

படம் இன்னொரு தடவை மாறலாம் என்று பயம் இருந்தது. அதனால் குழாய் எங்கெங்கே வரக்கூடுமோ அங்கெல்லாம் வாழைத்தண்டை வெட்டி நிறுத்தி வைத்துவிட்டு ஊற்றினார்கள். பிறகு தண்டு அழுகிக் குத்தினால் விழுந்துவிடும். ஓட்டை இருக்கும். வேண்டாத ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். அது கனி மேஸ்திரியும் எங்கள் வீட்டுக்காரரும் பேசிச் செய்தது.

புதன்கிழமை காலை எட்டு மணி.

நயினார் சார் எல்லார் முன்னாலும் வந்து நின்றார். வழக்கமான கேள்வி வாய்க்கு வந்திருக்கும். விழுங்கிவிட்டு வேறு கேட்டார்.

"இன்னைக்கு எது ஆகாது?"



முதலில் கரண்டுக்காரர் ஆரம்பித்தார். வயர் வரவில்லை. அதற்குள் பேச்சிமுத்து அண்ணாச்சி, இவன் ஏணியை நான் கம்பி வளைக்கிற இடத்தில் போடுகிறான் என்றார். ஏணியை எங்கே போட, என் தலையிலா என்றார் கரண்டுக்காரர். மணலில் கல் கிடக்கிறது, தண்ணீர் மோட்டார் காலையில் ஓடவில்லை, வடக்குச் சுவர் எழும்பினால் குழாய்க்கு வழி இல்லை. சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. ரோட்டில் போனவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

நயினார் சார் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை முகம் சிவந்தது. இரண்டு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சார்ட்டில் அன்றைக்கு ஏழு சிவப்பு.

அதை எடுத்துக்கொண்டு கனி மேஸ்திரியிடம் போனார். சின்னப் பிள்ளை சிலேட்டைக் காட்டுவது போலக் காட்டினார்.

"ஒண்ணு கேட்ட. ஏழு கொண்டாந்துருக்கேன். இப்பச் சொல்லு. ஒனக்கு வேலை எப்படித் தேதிக்கு முடியுது?"

"எனக்குப் பலகை பத்தல சார்" என்றார் கனி மேஸ்திரி. "வியாழக்கிழமையே கேக்க வந்தேன்."

*

இத்துடன் கதை முடிந்தது என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

வார்டு ஐப்பசி இரண்டாம் தேதி திறந்தது. வெளிச்சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லை. ஆபரேஷன் ரூம் ஒழுகவில்லை. மறுவாரமே நயினார் சாருக்கு மாற்றல் வந்தது. கடலோரம், தூரம். கூட வந்துவிடு என்று கனி மேஸ்திரியைக் கூப்பிட்டாராம். "ஆகாது சார்" என்றாராம் அவர். நயினார் சார் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாராம்.

எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஐப்பசி பதினொன்றாம் தேதி தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. அன்றைக்கு எனக்குச் செக்கப். வார்டு பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. நர்சக்கா நோட்டோடு வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒனக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

அஞ்சு பேரும் அதைத்தான் சொன்னார்கள். நான் கடைசி. எனக்கு வெளியாட்களிடம் சத்தமாகப் பேச வராது. கல்யாணமான புதிதில் பசிக்கிறது என்று சொல்லக்கூட வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தவள்.

"ஒண்ணும் இல்லல்லா?"

நர்சக்கா என் பெயருக்கு நேராக டிக் போட்டுவிட்டார். திரும்பி இரண்டு எட்டு நடந்தும் போய்விட்டார்.

"அக்கா" என்றேன்.

"என்ன?"

"இருக்குக்கா. நேத்து மத்தியானத்துல இருந்து பிள்ள அசையல."

நர்சக்கா நோட்டைப் பெஞ்சில் போட்டார். என் கையைப் பிடித்து எழுப்பினார். டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார்கள். இடம் மாற்றி வைத்துக் கேட்டார்கள். எனக்கு அவர்கள் முகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"அந்த ரூம் லைட்டப் போடுங்க" என்றார்கள். "சீக்கிரம்."

விளக்கு எரிந்தது. மேலே புதுத் தளம், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எனக்கு நினைவில்லை. முழித்தபோது முதலில் கேட்டது...

இந்தா, வாசலில் இருந்து "எம்மா" என்று கூப்பிடுகிறாள். மூணு வயசு ஆகப்போகிறது, ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்தத் தெரியாது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வருகிறேன் என்றால், ‘ஆகாது’ என்கிறாள்.